பூசத்துக்காரி

எங்கள் வீட்டில் சாமி என் டிபார்ட்மென்ட். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார். கரன்ட் பில், காஸ் சிலிண்டர், வீட்டு ஓனரோடு சண்டை எல்லாம் அவர் டிபார்ட்மென்ட். விளக்கு, விரதம், மயிலம் முருகன் எல்லாம் என்னுடையது. அவர் நாத்திகர் இல்லை. நாத்திகராக இருந்திருந்தால் வாதம் செய்தாவது ஜெயித்திருப்பேன். அவருக்கு அதில் அக்கறை கிடையாது, அவ்வளவுதான். கிருத்திகைக்குக் கிருத்திகை என்னை மயிலம் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். நான் உள்ளே போய்க் கும்பிட்டு வரும்வரை வெளியில் என் செருப்புக்குக் காவலாக நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்ததும், "இன்னா, மனு குடுத்தாச்சா?" என்பார்.

மனு என்பது அவர் வாயில் சும்மா வந்த வார்த்தை இல்லை. தொண்ணூற்று மூன்றில் மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தலைநகரமானபோது, கடலூரிலிருந்து மாற்றலாகி வந்த கிளார்க்குகளில் அவரும் ஒருவர். திங்கட்கிழமை ஜனங்கள் வரிசையில் நின்று கொடுக்கும் மனுக்களைப் பிரித்து அந்தந்தப் பிரிவுக்கு அனுப்புவது அவர் வேலை. எனக்குத் திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை. அதனால் திண்டிவனத்தில் வீடு பிடித்தோம். அவர் தினமும் பாசஞ்சரில் விழுப்புரம் போய் வந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊரில் எல்லோரும் வேண்டிய மட்டும் பேசிவிட்டதால் நான் பேசப்போவதில்லை.

திண்டிவனம் வந்து பத்து வருஷம் ஆனபோது என் கழுத்தோரம் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை, வலிக்காத எதையும் நான் வியாதியில் சேர்ப்பதில்லை. அவர்தான் விடாமல் நச்சரித்து டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். லிம்போமா என்றார்கள். எத்தனையோ இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிள்ளைகளுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த வார்த்தையை அதற்கு முன் அடித்ததே இல்லை.

பாண்டிச்சேரி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது நெறிக்கட்டுகளில் வருகிற கேன்சர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் ஆறு முறை. கரைந்து குணமாவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அது இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பிறகு, செய்யக் கூடாதவற்றைச் சொல்ல ஆரம்பித்தார். கூட்டத்தில் போகக் கூடாது. பச்சையாக எதையும் சாப்பிடக் கூடாது. தலையில் பூ வேண்டாம். கோயில் தீர்த்தம், பிரசாதம் கூடவே கூடாது.

"கோயிலுக்கே போவக் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம் சாமி கோச்சுக்க மாட்டாரும்மா" என்றார்.

கேன்சர் என்று கேட்டபோது வராத அழுகை, திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு வந்தது. செத்துப்போவேனோ என்று அழவில்லை. என் வாழ்க்கையில் முருகனிடம் உண்மையாகவே ஒரு வேலை இருக்கும்போது போய்க் கேட்க முடியாது என்கிறார்களே என்று அழுதேன். இத்தனை வருஷமும் சும்மா போய்ச் சும்மா வந்தேன் என்று தோன்றியது. அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒரு ஆளு லீவுல போனா டிபார்ட்மென்ட்ட இழுத்து மூடிட்டாப் போறாங்க? பக்கத்து சீட்டுக்காரன் கூடுதல் பொறுப்பு பாக்கறதில்ல? நான் பாத்துக்கறேன், நீ மூக்க தொடை."

சொன்னபடியே செய்தார். கிருத்திகையன்று ஆபீஸ் முடிந்ததும் விழுப்புரத்தில் பஸ் ஏறி, கூட்டேரிப்பட்டில் இறங்கி, மயிலம் பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போனார். வெளியே செருப்புக்குக் காவல் நின்றே பழகிய மனிதருக்கு உள்ளே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூடத் தெரியாது. முன்னால் போன ஒரு குடும்பத்தைப் பின்பற்றிப் போனதாகவும், அவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் விலகி வந்ததாகவும் சொன்னார். வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் கவரை எடுத்தார். அதற்குள் விபூதி இருந்தது.

"மனு குடுத்தாச்சு. பரிசீலனையில இருக்குது" என்றார்.

அந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் ஒன்று ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். அது கையில் ஏறும்போதே வாயில் இரும்பு வாசனை வந்துவிடும். அன்று பாண்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவர் மடியில் பாலிதீன் கவர்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு நாள் குடல் வெளியே வந்துவிடும் போல இருக்கும். மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் அதற்கு நேர்மாறாகப் பேய்ப்பசி எடுக்கும்; வேகவைத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, முறம் முறமாகத் தின்றிருக்கிறேன். அது முடிந்தால் வாய் முழுக்கப் புண். தாளிக்கும் வாசனை ஆகாது, சோறு கொதிக்கும் வாசனை ஆகாது. அவர் கேப்பையை முந்தின நாளே கரைத்து வைத்து, வாசல் பக்கம் ஸ்டவ்வைக் கொண்டுபோய்க் கஞ்சி காய்ச்சி, ஆறிய பிறகு உள்ளே கொண்டு வருவார். அதில் கட்டி கட்டியாக இருக்கும். அவர் எவ்வளவு கிண்டியும் அந்தக் கட்டி மட்டும் கரையவில்லை.

முடி கொட்டியது. அதற்கு நான் தயாராக இருந்தேன். தெருவில் பார்த்தவர்கள் "மொட்டையா? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று கேட்பார்கள், நான் தலையாட்டிவிடுவேன். விரல் விஷயத்துக்குத்தான் தயாராக இல்லை. விரல் நுனிகள் மரத்துப்போயின. ஒரு நாள் இன்ஸ்டிடியூட் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார், பொழுது போகட்டும் என்று. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவள் நான். விரல் எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

எனக்கு அந்த மாதங்களில் இருந்த ஒரே ஆசை மயிலம்தான். அந்தக் கல்தரையின் சூடு காலில் பட வேண்டும், கற்பூரம் காட்டும்போது இருட்டுக்குள் அந்த முகம் ஒரு வினாடி தெரிய வேண்டும். அதனால் அவர் போய்விட்டு வந்தால் ஒன்று விடாமல் கேட்பேன். என்ன அலங்காரம், எந்த நிறத்தில் பட்டு, கூட்டம் எதுவரை நின்றது, தீபாராதனையின்போது மணி யார் அடித்தார். அவருக்குப் பாதி தெரியாது. "மஞ்சளா இருந்திச்சு. இல்ல, பச்சையோ" என்பார். அடுத்த முறை எனக்காகவே உற்றுப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். இரண்டாவது மாதம் அப்படிச் சொல்லிக்கொண்டே வரும்போது, "குருக்கள் பேரு நட்சத்திரம் கேட்டாரு. உன் பேரு, பூச நட்சத்திரம், கடக ராசின்னு கரெக்டா சொன்னேன்" என்றார்.

என் நட்சத்திரம் பூசம் இல்லை.

நான் பிறந்தது ஆயில்யத்தில். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் நிச்சயமாக நம்புவார்கள். அவருடைய அம்மா அப்போது உயிரோடு இருந்தார். இவருக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்த இரண்டு வரன்கள் நட்சத்திரத்தைக் கேட்டதுமே காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். மூன்றாவதும் போய்விடக் கூடாது என்று என் அப்பா ஜோசியரிடம் சொல்லி, நான் சில மணி நேரம் முன்னாடியே பிறந்ததாக எழுதி வாங்கிவிட்டார். அதில் நான் பூசம் ஆகிவிட்டேன். கல்யாணம் முடிந்த பிறகு என் நட்சத்திரத்தை யாரும் கேட்கவில்லை. கோயிலில் நானாகவே போய் அவர் பெயருக்குத்தான் அர்ச்சனை செய்வேன். எனக்கென்று செய்துகொண்டதே இல்லை.

ஆனால் கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் என் மாமியார் போய்விட்டார். காலில் புண் வந்து, அது ஆறாமல், நான்தான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் சர்க்கரை என்றார்கள். நான் மட்டும் ஆயில்யம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது இத்தனை வருஷமாக என் நெஞ்சில் கிடந்தது.

இப்போது என்ன செய்வது? நம்புகிறவளுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும். அவர் கால் கடுக்கப் போய்க் கேட்டதெல்லாம் வேறு யாருடைய கணக்கிலோ போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. விலாசம் தப்பான மணியார்டர் மாதிரி. கட்டியும் டாக்டரம்மா எதிர்பார்த்த அளவுக்குக் கரையவில்லை என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். சொன்னால் பிரார்த்தனை சரியான இடத்துக்குப் போகும். ஆனால் அவருடைய அம்மாவை நான் தின்றுவிட்டேன் என்று ஒரு நிமிஷமாவது நினைத்தாரானால், என் பிழைப்பில் எனக்கு என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்கு விரல் மரத்திருந்ததால் அவர் மல்லாட்டையை உரித்து உரித்து என் முன்னால் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன். ஆயில்யம், அப்பா, ஜோசியர், எல்லாவற்றையும். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் நாலைந்து கொட்டையை உரித்துப் போட்டார்.

"எங்கம்மா சக்கரையில செத்துச்சு. ஆயில்யத்துல சாவல" என்றார். "யாருக்கும் தெரியாம ஜாங்கிரி துன்னுகினு இருந்திச்சு. எனக்குத் தெரியும். நான்தான் வாங்கிக் குடுப்பேன்."

அப்புறம், "இத்தினி வருசமா இத வெச்சிகினா ஒக்காந்திருந்த?" என்று கேட்டார். நான் அழுதேன். அவர் கையில் இருந்த தோலை முறத்தில் உதறிவிட்டு, அந்த உப்புக் கையாலேயே என் மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்தார். என் ஆயுளில் அதைவிட நிம்மதியான மத்தியானம் ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த கிருத்திகைக்குப் போய்விட்டு வந்தவர் கவரைப் பிரித்தார். இரண்டு அர்ச்சனைச் சீட்டு இருந்தது.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு ஆயில்யத்துக்கு. இன்னொண்ணு பூசத்துக்கு."

"பூசம்தான் இல்லைன்னு சொன்னேனே."

"அதுக்குன்னு? இத்தினி மாசமா ஒருத்திக்குக் கேட்டுகினு இருந்தேன். எவளோ ஒரு பூசத்துக்காரி, அவளுக்கும் பாதி ஊசிதான ஆயிருக்குது. நடுவுல அம்போன்னு வுட்டுட்டு வர சொல்றியா?"

அதிலிருந்து பூசத்துக்காரி எங்கள் வீட்டில் ஒரு ஆள் ஆகிவிட்டாள். ஒலக்கூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கிறாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு கிடக்கிற புத்தி; நோகுது என்று வாய் திறந்து சொல்ல வராது. பூசத்துக்காரி வந்த பிறகு சுலபமாகிவிட்டது. "பூசத்துக்காரிக்கு இன்னிக்கு வாயெல்லாம் புண்ணாம்" என்பேன். "அப்டியா, மோர்ல கரைச்சுக் குடுக்கட்டுமான்னு கேளு" என்று சமையல்கட்டிலிருந்து பதில் வரும். காலையில் பாசஞ்சருக்குக் கிளம்பும்போது, "அவளுக்குக் காச்சல் அடிச்சா ஆபீசுக்குப் போன் பண்ணச் சொல்லு" என்பார். இரண்டு பேரும் ஒருத்தியைப் பற்றிப் புறம் பேசுவது போலத்தான் என் வியாதியைப் பேசி முடித்தோம்.

ஐந்தாவது முறை ஏற்றிய பிறகு வெள்ளணு சுத்தமாக இறங்கி, காய்ச்சல் வந்து, பாண்டியில் ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். வீட்டுக்கு வந்தபோது கண்ணாடியில் பார்த்தது நான் இல்லை. புருவம்கூடக் கொட்டியிருந்தது. மிச்சம் ஒன்றுதான். அந்த ஒன்றுக்குக்கூட என்னிடம் தெம்பு இல்லை. முருகனிடமும் எனக்குக் கோபம், இவ்வளவு தூரம் நடக்க வைத்தும் போதவில்லையா என்று. கஞ்சியோடு வந்தவரிடம் சொன்னேன்.

"பூசத்துக்காரிக்கு முடியலையாம். போதும்கறா. கடைசி ஊசி வேணாமாம்."

அவர் வழக்கம்போல் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவ வேணாம்னா வுட்டுடலாம். அவளுக்கு யாரு இருக்கறாங்களோ, இல்லையோ" என்றார். "நீ வா. எனக்கு நீ ஒருத்திதான இருக்கற."

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். கஞ்சியைக் குடித்தேன், கட்டியோடு. ஆறாவதையும் போய் ஏற்றிக்கொண்டேன்.

கட்டி கரைந்துவிட்டது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். கூட்டத்துக்குப் போகலாம் என்று சொன்ன முதல் கிருத்திகைக்கே மயிலம் போனோம். தலையில் பூனைமயிர் போல முடி வந்திருந்தது. பூ வைக்க இடமில்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டு போனேன். கோயில் வாசலில் அவர் நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க. அவருக்கு நன்றியாவது சொல்லுங்க" என்றேன்.

"என் பொறுப்பு முடிஞ்சிடுச்சு. சார்ஜ் ஒப்படைச்சாச்சு, நீ போ" என்று செருப்பைக் காலால் ஒதுக்கி வைத்துக்கொண்டார். என்ன இழுத்தும் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பத்து வருஷத்துக்குக் கிட்டக் கிடைத்தது. நான்தான் முதலில் போவேன் என்று இரண்டு பேருமே நிச்சயமாக நினைத்திருந்தோம். அதற்காகவே அவருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். ரிட்டயராகி இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலையில் மார்பு வலிக்கிறது என்றார். ஆம்புலன்ஸில் விழுப்புரம் கொண்டுபோனோம். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்தவர், விழுப்புரம் வந்தபோது பிடித்திருக்கவில்லை.

அவர் இல்லாத வீட்டில் எது இல்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. தனியாக இருக்கப் பயமா என்று கேட்கிறார்கள். பயமெல்லாம் இல்லை. எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். பாசஞ்சர் வருகிற நேரத்துக்கு உடம்பு தானாக எழுந்துகொள்கிறது. கேப்பைக் கஞ்சியைக் கட்டியில்லாமல் காய்ச்சிக் குடித்தால் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. இன்னொன்றும் உண்டு. அவர் போன பிறகு எல்லோரும் "சார்" என்கிறார்கள், "உங்க வீட்டுக்காரரு" என்கிறார்கள். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. நான் சொல்வதற்கும் வழியில்லை. புருஷன் பெயரைச் சொல்கிற வீட்டில் வளர்ந்தவள் இல்லை நான். பென்ஷன் ஆபீசில்கூட எழுதித்தான் காட்டினேன். என் ஆயுளில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்ன ஒரே இடம் மயிலத்தில், குருக்கள் தட்டை நீட்டிக் கேட்கும்போதுதான்.

இரண்டு வருஷம் அங்கே போகவில்லை. போன மாதம் கிருத்திகைக்குப் போனேன். செருப்பைக் கடையில் விட்டுவிட்டு உள்ளே போனேன். கூட்டம் அதிகமில்லை. தேங்காய்ப் பழத்தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள் புதியவர், சின்ன வயசு. என்னைத் தெரியாது.

"யார் பேருக்குங்க? நட்சத்திரம்?"

என் பெயரைச் சொல்லத்தான் நினைத்தேன். வாய் திறந்ததும் அவர் பெயர் வந்துவிட்டது. உத்திராடம் என்பதும் வந்துவிட்டது. உயிரோடு இல்லாதவர்களுக்கு அர்ச்சனை கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அதற்குள் குருக்கள் உள்ளே திரும்பி, அந்தப் பெயரைச் சத்தமாக, மந்திரத்துக்கு நடுவில் வைத்துச் சொன்னார். ஆயுள் கேட்டார், ஆரோக்கியம் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வேற யார் பேருக்காவது பண்ணணுமாம்மா?" என்று கேட்டார்.

"இன்னொரு வாட்டி அவர் பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.